அரவைக் காலத்துக் குற்றங்கள்

லூசியானாவில் மாவட்டம் என்று சொல்ல மாட்டோம், பங்கு என்போம். மாதா கோயில் பங்குக்கு உள்ள அதே சொல்தான். அந்தக் காலத்தில் சாமியார்கள் போட்ட எல்லையை அரசாங்கம் அப்படியே எடுத்துக்கொண்டது. எல்லையோடு சேர்த்து உண்டியலையும் எடுத்துக்கொண்டது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பங்கு என்றால் கூறுபோட்டு எடுத்துக்கொள்வது என்றும் ஒரு பொருள் இருக்கிறதல்லவா, அதை எங்களுக்குக் கோர்ட்டில்தான் விளக்கினார்கள்.

எங்களுடையது செயின்ட் தெலோர் பங்கு. தெலோர் என்று ஒரு புனிதர் எப்போது இருந்தார், என்ன செய்து புனிதரானார் என்று எந்தச் சாமியாருக்கும் தெரியவில்லை. இங்கே கரும்பு உண்டு. சர்க்கரை ஆலை உண்டு. கோர்ட் உண்டு. ஆலையும் கோர்ட்டும் பிழிகிற இடங்கள். ஆலை வருஷத்தில் மூன்று மாதம்தான் ஓடும்.

கோர்ட்டின் வரவு செலவு எப்படி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து வருவது போதாது. ஆகவே ஒருவன் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவன் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பகுதி அவனைக் குற்றவாளி ஆக்கிய அலுவலகத்துக்குப் போகும். இன்னொரு பகுதி, அவனைக் காப்பாற்ற வேண்டிய இலவச வக்கீலின் அலுவலகத்துக்கு. மற்றொரு பகுதி நீதிபதியின் நிதிக்கு. குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானால் யாருக்கும் ஒன்றும் கிடையாது. கடைக்குள் வந்து எல்லாச் சாமானையும் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிற ஆளைக் கடைக்காரன் எப்படிப் பார்ப்பான்? நிரபராதிகளை எங்கள் பங்கில் அப்படித்தான் பார்ப்பார்கள். விரோதம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

கிளோவிஸ் என்னோடு ஆலை முற்றத்தில் கரும்பு கழுவுகிறவன். அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி ஒதீலுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, அடுத்த பங்கின் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ‘தொடர்ந்து ரெண்டு தடவை விட்டுட்டீங்கன்னா நெஞ்சுல நீர் கட்டிக்கும், மூச்சு நின்னுடும்’ என்று அங்குள்ள நர்ஸ் கிளோவிஸிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். அதனால் அவன் ஆலையில் இரவு முறை கேட்டு வாங்கிக்கொண்டான். பகலில் அவளை ஏற்றிக்கொண்டு போவான், காரிலேயே தூங்குவான், திரும்ப அழைத்து வருவான். அவனுக்கு இருந்த வேலை அதுதான். ஆலை வேலை அந்த வேலைக்கான பெட்ரோல்.

அரவைக் காலம் வந்தால் கரும்பு லாரிகள் வயலிலிருந்து சேற்றோடுதான் ரோட்டுக்கு ஏறும். தார் ரோடே தெரியாது. லாரிக்குப் பின்னால் போகிற எல்லா வண்டியும் சேறு பூசிக்கொள்ளும். சேறு இல்லாத வண்டி ஒன்று எதிரில் வந்தால் அது வெளியூர் வண்டி, வழி தெரியாமல் வந்திருக்கிறது என்று பொருள்.

அப்படி ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரன் டெரல் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு பின்னால் வந்து நிறுத்தினான். டெரல் வேறு யாரும் இல்லை, ஒதீலின் பெரியம்மா பேரன். தொப்பியை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தான்.

“எப்படி இருக்கீங்க அத்தை? முகம் வெளுத்திருக்கே.”

“வெளுக்கத்தானே போயிட்டு வரேன்,” என்றாள் ஒதீல். “உன் பொண்டாட்டிக்கு எத்தனாவது மாசம்?”

“ஏழு. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி நம்பர் பலகை தெரியல.”

“நம்பர் உனக்குத் தெரியாதாடா?” என்றான் கிளோவிஸ். “உன் கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதானே பொண்ணக் கூட்டிட்டு வந்தோம். நீயே துடைச்சே.”

“எனக்குத் தெரியும் மாமா. சட்டத்துக்குத் தெரியாது.”

டெரல் தன் கைக்குட்டையாலேயே பலகையைத் துடைத்து, நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு, கோர்ட்டுக்கு வரச்சொல்லும் சீட்டைக் கொடுத்தான். அத்தைக்கு நல்லபடியாகும் என்று ஜெபம் பண்ணுவதாகவும் சொன்னான். பொய் சொல்லவில்லை, அவன் பண்ணுகிறவன்தான்.

கிளோவிஸ் அதுவரை கோர்ட் வாசல் மிதித்ததில்லை. எனக்கும் அன்று அதே சேற்று வழக்கு இருந்ததால் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். உள்ளே நுழையும்போது இலவச வக்கீல் ஃபெலிக்ஸ் ஓடிவந்து கை கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு எழுபது கட்சிக்காரர்கள். களைத்த, நல்ல மனுஷர்.

“நான்தான் உங்க வக்கீல். பேசறதுக்கு நமக்கு ஒரு நிமிஷம் இருக்கு. ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடறேன். நீங்க ஒத்துக்கிட்டா என் ஆபீசுக்குக் கொஞ்சம் பணம் வரும். மறுத்து, ஜெயிச்சுட்டீங்கன்னா, வராது. போன மாசம் நான் ரெண்டு கேஸ் ஜெயிச்சேன். ஜெராக்ஸ் மெஷினத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது உங்க முடிவப் பாதிக்கவே கூடாது.”

“சேறு எல்லா வண்டியிலயும்தானே சார் இருக்கு?” என்றான் கிளோவிஸ்.

“அருமையான வாதம்,” என்றார் ஃபெலிக்ஸ். “அத மட்டும் அங்க சொல்லிடாதீங்க. எல்லாருக்கும் சம்மன் போயிடும்.”

உள்ளே எல்லோரும் எழுந்து நின்றார்கள். கறுப்பு அங்கி போட்ட நீதிபதி அம்மாள் உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஏதோ வாசித்தார்கள், மறுபடி எழுந்து நின்றார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மரப்பெஞ்சும், மெழுகு வாசனையும், முன்னால் போட்ட மரக் கிராதியும். கிளோவிஸின் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். கிராதிக்கு முன்னால் போய் நின்றான்.

“கிளோவிஸ், நீங்க குற்றவாளியா, குற்றவாளி இல்லையா?” என்று கேட்டார் நீதிபதி.

அங்கி போட்டவர் முன்னால் நின்று அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று கிளோவிஸுக்கு ஐந்து வயதிலிருந்து கோயில் பூசையில் சொல்லித் தெரியும். தலையைக் குனிந்துகொண்டான். முஷ்டியை மடக்கி மார்பில் ஒரு தட்டு. “என் பிழை.” இன்னொரு தட்டு. “என் பிழை.” குரலை இன்னும் தாழ்த்தி, பலமாக ஒரு தட்டு. “என் பெரும் பிழை.”

எழுத்தர் மூன்று முறை தட்டச்சினார்.

பிறகு அரசு வழக்கறிஞர் கார்லைல் சோனியே எழுந்தார். உயரமானவர், வெள்ளைத் தலை, அழகான குரல். எங்கள் ஓட்டில்தான் ஜெயித்து வருகிறார்.

“கனம் நீதிபதி அவர்களே. எங்ககிட்ட குற்றச்சாட்டு ஒண்ணுதான் இருக்கு. ஆனா இவரு மூணு தடவை ஒத்துக்கிட்டிருக்காரு. ஒரு மனுஷனோட மனசாட்சிய விட நாங்க கம்மியா குற்றம் சாட்டினா, அது அவரை அவமானப்படுத்தற மாதிரி. எங்க பக்கத்துல இருந்து மீதி ரெண்டையும் தேடிக் கொடுக்கிறோம். கொஞ்சம் அவகாசம் வேணும்.”

“பிரதிவாதி வக்கீல்?” என்று கேட்டார் நீதிபதி.

ஃபெலிக்ஸ் எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரும் எல்லோரையும் பார்த்தார். “மூணும் ஒரே நாள்ல முடியறதுக்கு என் கட்சிக்காரர் சார்பில நன்றி,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது குற்றம் உடனே கிடைத்தது. நம்பர் பலகைக்கு மேல் இருக்கிற விளக்கின் வெளிச்சம் சேற்றைத் தாண்டி வரவில்லை. மூன்றாவதை மதியச் சாப்பாடு வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. அதனால் ‘பின்னர் நிரப்பப்படும்’ என்று எழுதிக்கொண்டார்கள். பெரும் பிழை என்று அவனே சொன்னதால், அதற்கு மட்டும் பெரிய வீதத்தில் கட்டணம்.

நான் ஒருமுறைதான் ஒத்துக்கொண்டேன். எனக்கு மலிவாக முடிந்தது.

கட்டண ஜன்னலில் இருந்தவள் வெர்லின். ஒதீலின் கைப்பிடித்து ஞானஸ்நானம் பெற்றவள், ஞானமகள். கிளோவிஸைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள்.

“இது அரசு வழக்கறிஞர் ஆபீசுக்கு மாமா. உங்க மேல குற்றத்த நிரூபிச்சதுக்கு.”

“நானேதானேம்மா ஒத்துக்கிட்டேன்?”

“அதனாலதான் இவ்வளவோட நின்னுச்சு. இது உங்க வக்கீலுக்கு. இது ஜட்ஜம்மா நிதிக்கு. இது ஜெயிலுக்கு.”

“நான் ஜெயிலுக்குப் போகலயே.”

“நீங்க போகலன்னாலும் அது அங்க இருக்கணும்ல மாமா. மொத்தமா கட்டறீங்களா, தவணையா?”

“தவணைதான்.”

“தவணைக்கு ஒரு கட்டணம். அதக் கட்டி முடிக்கிற வரைக்கும் லைசென்ஸ் எங்ககிட்ட இருக்கும்.” லைசென்ஸை வாங்கி, அதன் மேல் படிந்த தூசியைத் தன் பாவாடையில் துடைத்து, அடுக்கில் வைத்தாள். அந்த அடுக்கு ஆலைத் தொழிலாளர்களின் குழுப் படம் மாதிரி இருந்தது. என்னுடையதும் அதில் போய்ச் சேர்ந்தது.

“அப்ப உன் அத்தைய யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?”

வெர்லின் ரசீதில் முத்திரை குத்தினாள். “அத்தைய விசாரிச்சதாச் சொல்லுங்க,” என்றாள்.

பாஸ்கல் என்று ஒருவன் எங்கள் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். இளகின மனசு. சினிமாவில் நாய் செத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவான். எங்களில் லைசென்ஸ் எப்படியோ பிழைத்துக் கிடந்த சிலரில் அவனும் ஒருவன். அவன் ஒதீலைக் கூட்டிப்போக ஆரம்பித்தான். பக்கத்தில் கிளோவிஸ் உட்கார்ந்து போவான். சில வாரங்கள் அப்படி ஓடின.

இதற்குள் நாங்கள் புத்திசாலிகள் ஆகிவிட்டோம். ஆலை வாசலில் ஒரு வாளியும் துணியும் வைத்தோம். வெளியே போகிற ஒவ்வொருவனும் நம்பர் பலகையைக் கழுவிவிட்டுத்தான் ரோட்டில் இறங்குவான். டெரல் பகல் முழுக்க மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பான். எல்லா நம்பரும் பளிச்சென்று அவனைத் தாண்டிப் போகும். அவன் முகம் வாடிக்கொண்டே வந்தது.

ஒரு மாதத்தில் செய்தி பரவியது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள். வெர்லினுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

அந்தச் சமயத்தில்தான் கோயில் மண்டபத்தில் நன்றி விருந்து வைத்தார்கள். கட்டணம் கட்டிய எல்லோருக்கும் அழைப்பு. சோனியே தானே கரண்டி பிடித்துக் கம்போ குழம்பை ஊற்றினார். கோழியும் புகைபோட்ட தொத்திறைச்சியும் போட்டு நன்றாகத்தான் செய்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மேடையில் ஏறினார்.

“நண்பர்களே, நான் மறைக்காம பேசறவன். இந்தப் பங்குல குற்றம் குறைஞ்சுக்கிட்டே வருது.”

நாங்கள் கை தட்டப் போனோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தட்டாதீங்க. இத நான் வேதனையோட சொல்றேன். குற்றத்த ஒழிக்கிறதுதான் எங்க வேலை. குற்றமே இல்லன்னா எத ஒழிக்கிறது? எந்தக் காசுல ஒழிக்கிறது? போன வருஷம் ஒரு பெரிய கொலை கேஸ் வந்துச்சு. அந்தக் கேஸ நடத்தினது யாரு தெரியுமா? நான் இல்ல. நீங்க. உங்க சேறு. நீங்க ஒவ்வொருத்தரும் ரோட்டுல செஞ்ச சின்னச் சின்னத் தப்பு சேர்ந்துதான் அந்தக் கொலைகாரன உள்ள தள்ளுச்சு. இப்ப நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல நல்லவங்களா ஆயிட்டா, உங்கள யாரு பாதுகாப்பாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே அழுதார். நடிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“நான் யாரையும் தப்பு பண்ணச் சொல்லல. சட்டம் தெரிஞ்சவன் அப்படிச் சொல்லக் கூடாது. வெர்லின் அங்க நின்னு தட்டு கழுவிட்டிருக்கா. ரெண்டு புள்ளைங்க. அத மட்டும் சொல்றேன்.”

எல்லோரும் திரும்பி வெர்லினைப் பார்த்தோம். அவள் தலையை நிமிர்த்தாமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது பாஸ்கல் தேம்பிக்கொண்டிருந்தான். கார் நிறுத்திய இடத்தில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளித் தன் நம்பர் பலகையில் அப்பினான். “வேண்டாண்டா பாஸ்கல்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விளக்கிலும் அப்பிவிட்டான். டெரல் பக்கத்திலேயே தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ரொம்ப நன்றி அண்ணே” என்று சொல்லிச் சீட்டை எழுதினான். பார்த்துக்கொண்டிருந்த இன்னும் பத்துப் பேர் அதே மாதிரி செய்தார்கள். வெர்லினுக்கு வேலை நேரம் திரும்பக் கிடைத்தது.

பாஸ்கலின் லைசென்ஸ் அடுக்குக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை ஒதீலைக் கூட்டிப்போக ஆள் இல்லை.

அன்று கிளோவிஸ் தானே ஓட்டினான். புதன்கிழமையும் ஓட்டினான். வெள்ளிக்கிழமை திரும்பும்போது டெரல் நிறுத்தினான்.

“மாமா, பலகை சுத்தமா இருக்கு. ரொம்ப சந்தோஷம். லைசென்ஸ்?”

“எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்.”

“தெரியும் மாமா. கேக்கணும்னு இருக்கு.”

“டெரல், அவரு என்ன சாராயக் கடைக்கா போயிட்டு வராரு?” என்று ஒதீல் கேட்டாள். கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“அத்தை, நான் பாக்கலன்னு போயிடுவேன். வண்டியில கேமரா இருக்கே, அது பாக்குது.”

திங்கட்கிழமை காலையிலேயே மறுபடி கோர்ட். காலியாகக் கிடந்த மூன்றாவது குற்றத்தில் இதை நிரப்பிக்கொண்டார்கள். கட்டணத்தை முன்கூட்டியே போட்டிருந்ததால் கணக்கில் குழப்பம் இல்லை என்று சோனியே எழுத்தரைப் பாராட்டினார். இந்தத் தடவை கிளோவிஸ் மார்பில் தட்டவில்லை. நீதிபதியைப் பார்த்துக் கேட்டான்.

“அம்மா, ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டிக்கிறேன். வேற எங்கயும் போகல. கோயிலுக்கும் நடந்தே போயிடறேன்.”

“நியாயமான கோரிக்கை,” என்றார் நீதிபதி. “அதுக்குத் தனி அனுமதி இருக்கு. சட்டத்துல கருணைக்கு இடம் இல்லாம இல்ல. பாக்கி எதுவும் இல்லாதவங்க அதுக்கு மனு போடலாம்.”

“பாக்கி இல்லன்னா லைசென்சே திரும்பக் கிடைச்சுடுமே அம்மா.”

“ஆமா. அவங்களுக்கு இந்த அனுமதி தேவைப்படாது,” என்றார் நீதிபதி. கொஞ்சம் நிறுத்தி, தான் சொன்னதைத் தானே ஒருமுறை யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அடுத்த காகிதத்தை எடுத்தார். “இன்னொரு தடவை ஓட்டினா முப்பது நாள் உள்ள வைக்கணும். நீங்க உள்ள இருந்தா உங்க மனைவிய யாரு பாத்துக்குவாங்க? அவங்களுக்காகத்தான் சொல்றேன். லைசென்ஸ் வர்ற வரைக்கும் ஓட்ட மாட்டேன்னு வேதத்து மேல கை வெச்சுச் சொல்லுங்க.”

அவன் கை வைத்துச் சொன்னான். கிளோவிஸ் வேதத்தில் கை வைத்து அதற்கு முன் ஒரு வார்த்தைதான் கொடுத்திருந்தான். அது கல்யாணத்தன்று, ஒதீலுக்கு.

கிளோவிஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். எல்லை தாண்டி வேன் அனுப்ப முடியாது, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தர்ம வேன் உங்கள் பக்கம் வரும் என்றார்கள். அன்றைக்குப் போக முடியவில்லை. ஒதீல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை மழை. ஆலையிலிருந்து வரும் வழியில் நான் அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒதீல் நீலக் கவுன் போட்டு, தலை வாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. வண்டி வாசலில் நின்றது. கிளோவிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். வேலிக்கு அப்பால், ரோட்டுத் திருப்பத்தில், டெரலின் வண்டி மழையில் நின்றுகொண்டிருந்தது.

“போலாம் ஒதீல். என்ன ஆனாலும் ஆகட்டும்,” என்றான்.

“உள்ள போட்டா முப்பது நாள். முப்பது நாள் என்ன யாரு தூக்கி உக்கார வெப்பா? இவனா?” என்று என்னைக் காட்டினாள். “இவன் ஒரு கரும்பக்கூட நேரா நிறுத்த மாட்டான்.”

“மூச்சு வாங்குதே உனக்கு.”

“பேசறதால வாங்குது. நீ கேள்வி கேக்காம இரு, நான் பேசாம இருக்கேன். நாளன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே, வேன் வரும். நீ வார்த்தை குடுத்துட்டு வந்திருக்கே. எனக்காக நீ பொய்யனாக வேண்டாம்.”

அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒதீல் கைப்பையைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு மூடினாள். “கவுன மாத்தி விடு. இது ஆஸ்பத்திரிக் கவுன்,” என்றாள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வேன் வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான், இறங்கி வந்து கதவைத் தட்டினான், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான்.

சவ அடக்கத்துக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து பெரிய மலர் வளையம் வந்தது. சோனியே வந்திருந்தார். நீதிபதி அம்மாளும் வந்தார். ஃபெலிக்ஸ் வந்தார். பாஸ்கல் குழியருகே நிற்க முடியாமல் போய்விட்டான். எங்களில் பெரும்பாலோர் நடந்துதான் வந்தோம்.

அடுத்த திங்கட்கிழமை என் தவணையைக் கட்ட நான் ஜன்னல் வரிசையில் நின்றேன். சாவுக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டோடு கிளோவிஸ் உள்ளே வந்தான். வரிசையில் இருந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

“மாமா, இப்ப ஒண்ணும் கட்ட வேண்டாம்,” என்றாள் வெர்லின். “சார்கிட்ட சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கேன்.”

“கட்ட வரல. ஒத்துக்க வந்திருக்கேன்.”

சத்தம் கேட்டு சோனியே தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவன் தோளில் கை வைத்தார். “என்ன கிளோவிஸ்?”

“ஒதீல நான்தான் கொன்னேன்.”

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கதவோரம் நின்ற டெரல் ஒரு அடி முன்னால் வந்தான். யாரோ ஃபெலிக்ஸைக் கூப்பிட ஓடினார்கள். சோனியே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜாக்கிரதையாகக் கேட்டார்.

“எப்படி?”

“வண்டி வாசல்ல நின்னுச்சு. சாவி என் கையில இருந்துச்சு. அவ கிளம்பி உக்காந்திருந்தா. நான் ஓட்டல.”

“ஏன் ஓட்டல?”

“ஓட்ட மாட்டேன்னு ஜட்ஜம்மாகிட்ட சொல்லியிருந்தேன்.”

சோனியே மூச்சை விட்டார். அது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“கிளோவிஸ், இங்க பாருங்க. ஓட்டியிருந்தாத்தான் அது குற்றம். நீங்க ஓட்டல. சட்டம் என்ன சொல்லுச்சோ அதத்தான் செஞ்சிருக்கீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

“இருக்கு சார்.”

“இந்த விஷயத்துல இந்தப் பங்குலயே நீங்கதான் சுத்தமான ஆளு.”

“அப்ப அவ செத்ததுக்கு யாரு சார்?”

சோனியே வெர்லினைப் பார்த்தார். வெர்லின் டெரலைப் பார்த்தாள். டெரல், அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்த ஃபெலிக்ஸைப் பார்த்தான். ஃபெலிக்ஸுக்கு என்ன கேள்வி என்றே தெரியாது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, “என் கட்சிக்காரர் குற்றவாளி இல்லை” என்றார். அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“பாத்தீங்களா? உங்க வக்கீலே சொல்றாரு,” என்றார் சோனியே. “வீட்டுக்குப் போங்க. டெரல், இவரைக் கொண்டுபோய் விடுப்பா.”

டெரலின் வண்டியில் முன்சீட் முழுக்கக் கருவிகளும் காகிதங்களும். கிளோவிஸைப் பின்னால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வைக்க முடிந்தது. என் வீடும் அந்த வழிதான் என்பதால் என்னையும் அவன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். கரும்பு வெட்டி முடிந்த வயல்களுக்கு நடுவே போனோம். பாதி வழியில் கிளோவிஸ் வலைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

“டெரல். விலங்கு மாட்ட மாட்டியாடா?”

“என்ன மாமா நீங்க. அதெல்லாம் வேண்டாம்.”

“சும்மா போட்டு விடு. வீடு வரைக்கும்.”

டெரல் கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, அழுத்தாமல், கோட்டுக் கைக்கு மேலேயே, விலங்கை மாட்டினான்.

கிளோவிஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான். அவள் போன பிறகு அவன் முகத்தில் இறுக்கம் விட்டதை அப்போதுதான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. டெரல் விலங்குச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து நின்றான்.

“வீடு வந்துடுச்சு மாமா. கையக் கொடுங்க.”

கிளோவிஸ் கண்ணைத் திறக்கவில்லை. விலங்கு போட்ட கை இரண்டையும் மடிக்குள் இன்னும் இழுத்துக்கொண்டான்.